விமானிகளின் கையைக் கட்டாதீர்கள்: விமான நிறுவனப் பயிற்சித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்திய விமான நிறுவனங்களின் பயிற்சித் துறைத் தலைவர்களுக்கும் விமான இயக்கத் துறைத் தலைவர்களுக்கும்,

உங்களில் ஒருவர் அண்மையில் வெளியிட்ட சுற்றறிக்கை என் பார்வைக்கு வந்தது. என்னிடம் சிமுலேட்டரில் படித்து, இன்று அந்த நிறுவனத்தில் பறக்கும் பிள்ளைகள் அனுப்பினார்கள். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. சுற்றறிக்கையின் சாரம் இதுதான்: புறப்பட்டு ஆயிரம் அடி தாண்டியதும் ஆட்டோபைலட்டைப் போட்டுவிட வேண்டும். இறங்கும்போது ஃபைனலில், அதாவது ஓடுபாதைக்கு நேரே இறங்கும் கடைசிக் கட்டத்தில், ஆயிரம் அடிக்குக் கீழே வந்த பிறகுதான் அதை விலக்கலாம். எப்படி ஓட்ட வேண்டும் என்று திரையில் கோடு காட்டும் ஃப்ளைட் டைரக்டரை எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது. ஓடுபாதையைக் கண்ணால் பார்த்தே இறங்கும் விஷுவல் அப்ரோச்சை விமானியாகக் கேட்டு வாங்கக் கூடாது. கூடவே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் சிமுலேட்டர் அமர்வில் கையால் சர்க்யூட் ஓட்டுவதற்கென்று (ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்குவதற்கென்று) இருந்த நேரத்தை எடுத்து, மூடுபனித் தரையிறக்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இத்தனைக்கும் சொல்லப்பட்ட காரணம் ஒரே வரி: அன்ஸ்டேபிள் அப்ரோச்சுகளின், அதாவது உயரமோ வேகமோ நிலைகொள்ளாமல் இறங்க வருவதன், எண்ணிக்கையைக் குறைப்பது.

மற்ற நிறுவனங்களில் இது எழுத்தில் இல்லை. பழக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல் உங்கள் எல்லாருக்கும். போயிங் 737-ல் கேப்டனாகப் பறந்து, அப்புறம் பல ஆண்டுகளாகச் சிமுலேட்டரில் பயிற்றுநராக உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த முடிவு தவறு. எந்த ஆபத்தைக் குறைக்க நினைக்கிறதோ அதையே இது வளர்க்கும்.

முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். புறப்பட்டு ஆயிரம் அடி ஏற அரை நிமிடம் ஆகும். ஃபைனலில் நிமிடத்துக்கு 700 அடி என்று இறங்கினால், கடைசி ஆயிரம் அடிக்கு ஒன்றரை நிமிடம். ஆக, உங்கள் விதிப்படி ஒரு பயணத்தில் கை விமானத்தைத் தொடுவது அதிகபட்சம் இரண்டு நிமிடம். இரண்டு விமானிகளும் மாறி மாறித்தான் ஓட்டுவார்கள். மாதம் 60 செக்டார் (ஒரு புறப்பாடும் ஒரு தரையிறக்கமும் ஒரு செக்டார்) பறக்கும் ஒருவருக்கு அதில் பாதிதான் கிடைக்கும். மாதத்துக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் ஃப்ளைட் டைரக்டர் காட்டும் கோடுகளைப் பின்தொடர்வதிலேயே போய்விடும். எங்கே திரும்ப வேண்டும், எப்போது இறங்கத் தொடங்க வேண்டும், எவ்வளவு பவர் வேண்டும் என்று விமானியே முடிவெடுக்கும் நேரம் அதில் கிட்டத்தட்ட இல்லை.

ஸ்டேபிள் அப்ரோச்சுக்கு எதிராக நான் பேசவில்லை. அது விமானப் பாதுகாப்பில் நாம் கற்ற மிகப் பெரிய பாடங்களில் ஒன்று. ஓடுபாதைக்கு மேல் ஆயிரம் அடியில், வானம் தெளிவாக இருந்தால் 500 அடியிலாவது, விமானம் சரியான பாதையில் இருக்க வேண்டும். சக்கரமும், இறக்கையின் ஃபிளாப் மடிப்புகளும் இறங்கியிருக்க வேண்டும். வேகம் குறித்த அளவுக்குக் கீழே போகக் கூடாது, அதற்கு மேலே 20 நாட் வரைதான் போகலாம் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்). இறங்கு வேகம் நிமிடத்துக்கு ஆயிரம் அடியைத் தாண்டக் கூடாது. என்ஜின் பவர் அதற்கேற்ற நிலையில் இருக்க வேண்டும். இதில் ஒன்று பொருந்தாவிட்டாலும் கோ-அரவுண்ட்: இறங்காமல் மறுபடி மேலே ஏறிவிட வேண்டும். இதை மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறவன் நான். என் கேள்வி வேறு. ஆயிரம் அடியில் இந்த நிலைக்கு வந்து சேர ஒரு விமானிக்கு எது சொல்லிக் கொடுக்கிறது?

அன்ஸ்டேபிள் அப்ரோச் பெரும்பாலும் கையால் ஓட்டுவதால் உண்டாவதில்லை. 20 மைல், 30 மைல் முன்பே, ஆட்டோபைலட் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அது தொடங்கிவிடுகிறது. தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலர் இறங்க அனுமதி தரத் தாமதிப்பார். அல்லது திடீரென்று ஷார்ட் கட் கொடுப்பார். பின்காற்று அடிக்கும். பாதை சுருங்கிவிடும், உயரம் மட்டும் அப்படியே இருக்கும். மூன்று டிகிரிப் பாதை என்றால் மைலுக்குச் சுமார் 300 அடி. பத்து மைலில் 3,000 அடியில் இருக்க வேண்டியவன் ஐந்தாயிரத்தில் இருந்தால், அது அந்த நொடியிலேயே உடம்பில் உறைக்க வேண்டும். உறைப்பவன் சக்கரத்தை முன்கூட்டியே இறக்குவான், இல்லையென்றால் ஒரு வட்டம் கேட்பான். உறைக்காதவன் ஆட்டோபைலட்டின் பட்டன்களை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருப்பான். உயரத்தையும் வேகத்தையும் தூரத்தையும் ஒன்றாகப் பார்க்கும் இந்தக் கண்ணைத் தருவது சர்க்யூட் பயிற்சிதான். ஃப்ளைட் டைரக்டர் இல்லாமல், கையால், ஓடுபாதையை ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்து ஓட்டும் சர்க்யூட். கையால் ஓட்டுவதும் ஸ்டேபிளாக வந்து சேர்வதும் ஒரே பாடம். நீங்கள் ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை வெட்டியிருக்கிறீர்கள்.

மங்களூரை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். 2010 மே 22. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812. என் ரக விமானம்தான், 737-800. இறங்கத் தொடங்கியதே தாமதம். ஃபைனலில் இருக்க வேண்டிய உயரத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு உயரத்தில் இருந்தது. கோ-அரவுண்ட் போகலாம் என்று துணை விமானியான ஃபர்ஸ்ட் ஆபீசர் மூன்று முறை சொன்னார். கேட்கப்படவில்லை. ஓடுபாதையில் பாதிக்கு மேல் கடந்த பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. 166 பேரில் 158 பேர் போனார்கள். சரியாகப் பத்தாண்டு கழித்து, அதே மே 22 அன்று, கராச்சியில் பாகிஸ்தான் சர்வதேச விமான நிறுவனத்தின் ஏ320. அதுவும் மிக உயரத்தில், மிக வேகத்தில் வந்தது. கன்ட்ரோலர் எச்சரித்தும் விடவில்லை. சக்கரம் இறங்காமலே ஓடுபாதையில் என்ஜின்கள் உரசின, மறுபடி மேலே ஏறினார்கள், இரண்டு என்ஜினும் நின்று குடியிருப்பின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 99 பேரில் இருவர்தான் பிழைத்தார்கள். அடுத்த மூன்று மாதத்துக்குள், 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. இரவு, மழை, பின்காற்று, மேட்டின் உச்சியில் அமைந்த ஓடுபாதை. 8,858 அடி ஓடுபாதையில் 4,438 அடி தாண்டித்தான் தரை தொட்டது. இரு விமானிகளையும் சேர்த்து 21 உயிர்.

கோழிக்கோட்டு விசாரணை அறிக்கையை இன்னொரு முறை எடுத்துப் படிக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆட்டோபைலட்டை விலக்கிய பிறகு, கடைசிச் சில நூறு அடியில், இறங்கு வேகம் நிமிடத்துக்கு 1,500 அடி வரை போகிறது. அந்த கேப்டன் அனுபவத்தில் மிக மூத்தவர். அவர்மீது குறை சொல்ல இதை எழுதவில்லை. ராத்திரியில், மழையில், தன் பக்க வைப்பரும் வேலை செய்யாத நிலையில், கடைசி அரை நிமிடத்தில் விமானத்தைக் கையில் வாங்குவது எவ்வளவு கொடுமையான வேலை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உங்கள் சுற்றறிக்கை ஒவ்வொரு விமானியையும் கடைசி ஆயிரம் அடியில்தான் விமானத்தைக் கையில் வாங்கச் சொல்கிறது. அதற்கு மேலே நல்ல வெயிலில், அவசரம் இல்லாத வானத்தில், பழகிக்கொள்ள இருந்த வாய்ப்பையும் எடுத்துவிடுகிறது.

நீங்கள் போட்டிருப்பது போன்ற விதியை ஏற்கெனவே பின்பற்றிப் பார்த்த நிறுவனம் ஒன்று உண்டு. 2013 ஜூலை 6, சான் ஃபிரான்சிஸ்கோ. ஏசியானா 214, போயிங் 777. காலை நேரம், வானத்தில் மேகத் தடை இல்லை. ஓடுபாதை 28 இடதில் இறங்கும் பாதையின் சரிவைக் காட்டும் கிளைட் ஸ்லோப் சிக்னல் மட்டும் கட்டுமானப் பணிக்காக அணைக்கப்பட்டிருந்தது. கண்ணால் பார்த்து இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஓட்டியவர் மற்ற ரகங்களில் பல்லாயிரம் மணி நேரம் பறந்தவர், 777-க்குப் புதியவர். உயரம் அதிகமாக இருக்கிறதென்று ஆட்டோபைலட்டின் ஒரு மோடை அழுத்தினார், விமானம் ஏற முயன்றது, பவரைக் கையால் பின்னிழுத்தார். பவரைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ராட்டில் அத்துடன் வேகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டது. அது பார்த்துக்கொண்டிருக்கிறது என்றே எல்லாரும் நினைத்தார்கள். 137 நாட் இருக்க வேண்டிய வேகம் 103 வரை சரிந்தது. ஓடுபாதைக்கு முன்னால் இருந்த கடல் தடுப்புச்சுவரில் வால் இடித்து முறிந்தது. மூன்று பேர் இறந்தார்கள். கிளைட் ஸ்லோப் இல்லாமல் கண்ணால் பார்த்து இறங்குவது தனக்கு மிகுந்த பதற்றத்தைத் தந்தது என்று ஓட்டியவரே விசாரணையில் சொன்னார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் அறிக்கையில் குறிப்பிட்ட விஷயங்களில் ஒன்று: அந்த நிறுவனத்தின் கொள்கை தானியங்கிகளை முழுமையாகப் பயன்படுத்தச் சொன்னது, அன்றாடப் பயணங்களில் கையால் ஓட்டுவதை ஊக்குவிக்கவில்லை.

அதே 2013-ன் ஜனவரியில், இந்த விபத்துக்கு ஆறு மாதம் முன்பே, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ நிறுவனங்களுக்கெல்லாம் ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை அனுப்பியிருந்தது: தானியங்கிகளைத் தொடர்ந்து நம்பியிருந்தால் கைத்திறன் மங்குகிறது, தகுந்த சூழலில் கையால் ஓட்டுவதை ஊக்குவியுங்கள் என்று. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈஏஎஸ்ஏவும் அதே ஆண்டு அதையே சொன்னது. இத்தனைக்கும் பிறகு எதிர்த்திசையில் ஒரு சுற்றறிக்கை வருகிறது என்றால், எந்தத் தரவை வைத்து அதை எழுதினீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

சிமுலேட்டரில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். நன்றாகப் படித்த, செயல்முறை விதிகளான எஸ்ஓபியைத் தலைகீழாக ஒப்பிக்கக்கூடிய ஒரு ஃபர்ஸ்ட் ஆபீசர். லைனில், அதாவது அன்றாடப் பயணிகள் விமானத்தில், சில ஆண்டுகள் பறந்தவர். என்ஜின் ஃபெயிலியர், ஒற்றை என்ஜினில் ஐஎல்எஸ் (ஓடுபாதையின் ரேடியோ சிக்னலைப் பின்பற்றி இறங்குவது) எல்லாம் சுத்தமாகச் செய்து முடித்தார். நேரம் மிச்சம் இருந்தது. தெளிவான பகல் வானத்தைப் போட்டு, 1,500 அடியில் டவுன்விண்டில் (ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் கட்டம்) வைத்து, ஃப்ளைட் டைரக்டரையும் ஆட்டோத்ராட்டிலையும் அணைத்தேன். ஒரு சர்க்யூட் ஓட்டி இறங்கச் சொன்னேன்.

முதல் அரை நிமிடம் அவர் கண் திரையின் நடுவிலேயே நின்றது. அங்கே வழக்கமாக இருக்கும் கோடுகளை அது தேடியது. உயரம் 200 அடி கூடியது, இறக்கினார், 100 அடி குறைந்தது. எப்போது திரும்புவது என்று அறிய, ஓடுபாதை முனைக்கு நேரே வந்ததும் கடிகாரத்தைத் தொடங்க வேண்டும். நூறு அடிக்கு மூன்று நொடி என்று 45 நொடி, அதில் காற்றுக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்க வேண்டும். கடிகாரத்தைத் தொட மறந்தார். சக்கரமும் ஃபிளாப்பும் இறங்க இறங்க வேகம் குறைந்தது. பவரைக் கூட்ட வேண்டும் என்பது கைக்கு வரவில்லை, ஏனென்றால் அந்த வேலையை அவர் கை பல மாதங்களாகச் செய்ததே இல்லை. பேஸில் (ஓடுபாதையை நோக்கித் திரும்பும் கட்டம்) திரும்பும்போது ஓடுபாதையை அவர் பார்க்கவே இல்லை. திரும்பி முடித்தபோது நடுக்கோட்டைத் தாண்டியிருந்தோம். ஓடுபாதையோரப் பாப்பி விளக்கு நான்கும் வெள்ளை, அதாவது மிக உயரத்தில் இருக்கிறோம். மூக்கை அழுத்தினார். இறங்கு வேகம் 1,600. 500 அடியில், “ஸ்டேபிளா?” என்று கேட்டேன். “கரெக்டிங், சார்” என்றார், சரிசெய்துகொண்டிருக்கிறாராம்.

அந்த ஒரு வார்த்தையில்தான் மங்களூரும் கராச்சியும் இருக்கின்றன. ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் ஆய்வு செய்து சொன்னது இது: அன்ஸ்டேபிள் ஆன அப்ரோச்சுகளில் சுமார் 97 சதவீதம் கோ-அரவுண்ட் ஆவதில்லை, அப்படியே தரையிறக்கத்தில்தான் முடிகின்றன. விதி தெரியாததால் இது நடக்கவில்லை. எல்லாருக்கும் விதி தெரியும்.

அந்தப் பிள்ளையை மறுபடி டவுன்விண்டில் வைத்தேன். பிட்ச் (மூக்கின் கோணம்) எவ்வளவு, பவர் எவ்வளவு என்று அடிப்படையிலிருந்து பேசினோம். லேண்டிங் ஃபிளாப்பில், மூன்று டிகிரிப் பாதையில், மூக்கு இரண்டரை டிகிரி மேலே, என்ஜின் சுழற்சி அளவான என்1 ஐம்பத்தைந்து சதவீதத்தை ஒட்டி. இதை வைத்துவிட்டால் விமானம் கிட்டத்தட்டத் தானே வரும்; அப்புறம் சின்னச் சின்னத் திருத்தம்தான். கிரவுண்ட் ஸ்பீடை (தரையைப் பொறுத்த வேகம்) ஐந்தால் பெருக்கினால் இறங்கு வேகம். 140 நாட்டுக்கு 700 அடி. அடுத்தடுத்த சுற்றுகளில் கண் வெளியே போகத் தொடங்கியது. பேஸ் திரும்பும்போது, “சார், இன்னிக்கு டெயில்விண்ட், ஓவர்ஷூட் ஆகும், முன்னாடியே திரும்பறேன்” என்று அவராகவே சொன்னார். கடைசிச் சுற்றில் 500 அடியில் வேகம், பாதை, பவர் மூன்றும் அசையாமல் நின்றன. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் உங்கள் சுற்றறிக்கை நீக்கியிருக்கிறது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும், 737 ஓட்டுகிறவர்களுக்கு இது உயிர்ப்பிரச்சினை. ஸ்டேபிள் இல்லையென்றால் கோ-அரவுண்ட் போங்கள் என்கிறீர்கள். சரி. அந்தக் கோ-அரவுண்டை யார் ஓட்டப் போகிறார்கள்? ஒற்றை ஆட்டோபைலட்டில் அப்ரோச் வரும்போது கோ-அரவுண்டுக்கான டோகா பட்டனை அழுத்தினால் 737-ல் ஆட்டோபைலட் விலகிக்கொள்ளும். விமானம் கைக்கு வந்துவிடும். எரிபொருள் குறைந்து இலேசாக இருக்கும் விமானம், இரண்டு என்ஜினும் பெரும் பவரில் உறுமும், மூக்கு தானாக மேலே தூக்கும். அதை அழுத்திப் பிடித்து, டிரிம் செய்து, சக்கரத்தையும் ஃபிளாப்பையும் எடுக்க வேண்டும். 2013 நவம்பர் 17 அன்று ரஷ்யாவின் கசானில் இதுதான் நடந்தது. அப்ரோச் அன்ஸ்டேபிள், கோ-அரவுண்ட் முடிவு சரியான முடிவு. ஆனால் ஆட்டோபைலட் விலகியதை அவர்கள் கையாளவில்லை. மூக்கு எகிறியது, வேகம் செத்தது, பின்பு தலைகீழாகத் தரையில் பாய்ந்தது. 50 பேரும் இறந்தார்கள். 2016 மார்ச் 19, அதே ரஷ்யாவின் ரோஸ்தோவில் ஃப்ளைதுபாய் 981, அதுவும் 737, அதுவும் கையால் ஓட்டிய கோ-அரவுண்டில் விழுந்தது. 62 பேர். நம் சிமுலேட்டர் தேர்வுகளில் பெரும்பாலும் ஒற்றை என்ஜின் கோ-அரவுண்டைத்தான் பார்க்கிறோம். நிஜத்தில் அதிகம் நடப்பது இரண்டு என்ஜினும் நன்றாக ஓடும் கோ-அரவுண்ட்.

உங்கள் தரப்பு எனக்குத் தெரியாததல்ல. டெல்லி, மும்பை நெரிசலில், நான்கு மைல் வரை 160 நாட் பிடி என்று கன்ட்ரோலர் கேட்கும்போது, கையால் ஓட்டிப் பழகுவது பொருத்தமில்லை. ஒத்துக்கொள்கிறேன். அங்கே பழகச் சொல்லவில்லை. திருச்சியிலோ மதுரையிலோ, காலை வெயிலில், சுற்றிலும் வேறு விமானம் இல்லாதபோது, முன்பே பேசி வைத்துக்கொண்டு பத்தாயிரம் அடியிலிருந்து ஓட்டுவதில் என்ன குற்றம்? ஏர்பஸ் ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். ஆட்டோத்ரஸ்ட் (ஏர்பஸ்ஸின் ஆட்டோத்ராட்டில்) வேலை செய்யும்போது அங்கே பவர் லீவர் அசைவதே இல்லை. கைக்கு எந்தச் செய்தியும் வராது. எண்ணைப் பார்த்துத்தான் பவர் தெரியும். அதை அணைத்துப் பழகாதவருக்கு, அது தானாக அணைந்துபோகும் நாளில் எதுவும் புரியாது.

தானாக அணைந்துபோகும் நாட்கள் வரத்தான் செய்கின்றன. டெல்லியைச் சுற்றியும் எல்லையோரத்திலும் ஜிபிஎஸ் குறுக்கீடு இன்று எல்லா விமானிக்கும் பழகிப்போன செய்தி; 2023 நவம்பரில் நம் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவே அதற்காக ஒரு சுற்றறிக்கை விட வேண்டி வந்தது. நேவிகேஷன் குழம்பினால் ஒரு விமானிக்கு மிஞ்சுவது ரா டேட்டாவும் (ஃப்ளைட் டைரக்டர் வழிகாட்டாத நேரடிக் கருவி அளவுகள்) கணக்கும் கையும்தான்.

அன்ஸ்டேபிள் எண்ணிக்கை குறைந்தால் டிஜிசிஏ முன் உங்கள் அட்டவணை அழகாக இருக்கும் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அட்டவணையை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதில்தான் பாதிப் பிரச்சினை. ஒவ்வொரு பயணத்தின் தரவையும் கணினி படிக்கிறது. வரம்பு மீறினால் மறுநாள் அழைப்பு. சில இடங்களில் அந்த நிமிடமே டி-ராஸ்டர், அதாவது பணிப்பட்டியலிலிருந்து நீக்கம். இதன் விளைவை நான் நேரில் பார்க்கிறேன். “கையால் ஓட்டினால் ஏதாவது ஒரு எண் சிவப்பாகும் சார், எதுக்கு வம்பு?” என்று கேட்கிறார்கள். முப்பது வயதுகூட ஆகாத பிள்ளைகள். தரையில் அடித்து இறங்கிவிடும் ஹார்ட் லேண்டிங் பற்றிய பயம் விமானியை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மங்களூர் விசாரணையே பேசியிருக்கிறது. தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்கு மிகக் கீழே நிறுவனம் தன் வரம்பை வைத்து, அதைத் தாண்டியவர்களை அழைத்துப் பேசியது. பூப்போல இறக்க வேண்டும் என்ற கவலையில் விமானி ஓடுபாதைமேல் மிதக்கிறார், ஓடுபாதை தீர்ந்துகொண்டே போகிறது. அந்தப் பாடத்துக்கு இப்போது 15 ஆண்டுக்கு மேல் வயது.

இனி வரப்போகும் கூட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். 2023-ல் நம் நாட்டின் இரண்டு பெரிய நிறுவனங்கள் மட்டும் அறிவித்த விமான ஆர்டர்கள் 970. அதே ஆண்டு டிஜிசிஏ வழங்கிய வணிக விமானி உரிமங்கள் 1,600-க்கு மேல். 200 மணி நேரம் சின்ன விமானத்தில் பறந்துவிட்டு நேரே ஜெட்டின் வலப்பக்க இருக்கைக்கு வரும் பிள்ளைகள் இவர்கள். முந்தைய தலைமுறைக்குச் சின்னச் சின்ன விமான நிலையங்களில், பழைய விமானங்களில், கையால் ஓட்டும் காலம் தானாகவே கிடைத்தது. இவர்களுக்கு அது நாம் கொடுத்தால்தான் உண்டு. மழைக்காலம் வந்தால் லேண்டிங்கும் கேப்டனுக்கே போய்விடுகிறது. இப்படியே ஆறேழு ஆண்டு ஓடினால், அவர்கள் கேப்டனின் இடப்பக்க இருக்கைக்கு மாறும் நாளில், பக்கத்தில் உட்கார்ந்து அவர்களைத் திருத்த யாருக்கும் கை இருக்காது.

எனவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். அதே தடையை எழுதாமல் கடைப்பிடிப்பவர்களும் அதை விடுங்கள். அதற்குப் பதில், எந்தச் சூழலில் கையால் ஓட்டலாம் என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள்: நல்ல பார்வைத்தூரம், குறைந்த நெரிசல், களைப்பில்லாத குழு, இறங்கத் தொடங்கும் முன்பே பேசி ஒத்துக்கொண்ட திட்டம். நிபந்தனை போடுங்கள், கதவை மூடாதீர்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் சிமுலேட்டர் வருகையில் ஒரு முழு மணி நேரத்தைக் கைப்பயிற்சிக்கென்று ஒதுக்குங்கள். அந்த மணி நேரத்துக்கு மதிப்பெண் கிடையாது, பாஸ் ஃபெயில் கிடையாது, பயிற்றுநரின் குறிப்பு மேலே போகாது. ஃப்ளைட் டைரக்டர், ஆட்டோத்ராட்டில் இரண்டும் இல்லாமல் சர்க்யூட். பக்கக்காற்றில் ஒன்று, பின்காற்றோடு பேஸில் ஒன்று. ரா டேட்டா ஐஎல்எஸ். அப்புறம், வேண்டுமென்றே உயரத்திலும் வேகத்திலும் வைத்துவிட்டு, காப்பாற்ற முடியாது என்பதைப் பத்து மைலிலேயே கண்டுபிடிக்கிறாரா என்று பாருங்கள். இரண்டு என்ஜினும் ஓடும் கோ-அரவுண்டைக் கையால், ஆயிரம் அடியிலிருந்தும், ஐம்பது அடியிலிருந்தும், சக்கரம் தரையைத் தொட்ட பிறகும் செய்ய வையுங்கள். சிமுலேட்டர் மணிக்கு என்ன விலை என்பது எனக்குத் தெரியும். கேட்கிறேன், இருந்தாலும்.

புதிய ஃபர்ஸ்ட் ஆபீசரை லைனுக்கு விடும் முன்பும், கேப்டனாக உயர்த்தும் முன்பும், இதே பயிற்சியைப் பல அமர்வுகளாகக் கொடுங்கள். பயிற்றுநர்களும் தேர்வாளர்களும் இதே சர்க்யூட்டை ஒருவர் முன் ஒருவர் ஓட்டிக் காட்டட்டும். மூத்தவர்கள் என்று யாருக்கும் விலக்கு வேண்டாம்.

கோ-அரவுண்ட் போனவரிடம் விளக்கம் கேட்காதீர்கள். எழுத்தில் எல்லா நிறுவனமும் இதைச் சொல்கிறது. நடப்பில் தொலைபேசி அழைப்பு வருகிறது. அந்த அழைப்பை நிறுத்துங்கள். அன்ஸ்டேபிளாகத் தொடர்ந்து இறங்கியவரிடம் பேசுங்கள், அதுவும் பயிற்சி தர, தண்டிக்க அல்ல. வரம்பு மீறலை எண்ணும் அதே கணினி, ஒவ்வொரு விமானியும் மாதத்தில் எத்தனை நிமிடம் கையால் ஓட்டினார் என்பதையும் எண்ணட்டும். மிகக் குறைந்தவரைக் கூப்பிட்டுச் சிமுலேட்டர் நேரம் கொடுங்கள்.

இருவரில் யார் “கோ-அரவுண்ட்” என்று சொன்னாலும் அது கட்டளை என்று விதி எழுதுங்கள். இரண்டாம் முறை சொல்லியும் நடக்காவிட்டால் மற்றவர் விமானத்தைக் கையில் எடுக்க வேண்டும். எடுத்து ஓட்டும் அந்த நொடியைச் சிமுலேட்டரில் பழக்குங்கள். கையால் ஓட்டத் தெரியும் என்ற நம்பிக்கை இல்லாத ஃபர்ஸ்ட் ஆபீசர் கேப்டன் கையிலிருந்து விமானத்தை ஒருபோதும் வாங்க மாட்டார்.

கடைசியாக, இந்த ஒரு மணி நேரக் கைப்பயிற்சியை எல்லா நிறுவனத்துக்கும் கட்டாயமாக்கும்படி நீங்கள் எல்லாரும் சேர்ந்து டிஜிசிஏவிடம் எழுதிக் கேளுங்கள். அப்போது செலவைக் காரணம் காட்டி எந்த நிறுவனமும் ஒதுங்க முடியாது, செய்கிற நிறுவனத்துக்கு நஷ்டமும் இல்லை. அடுத்த பருவமழை தொடங்கும் முன் உங்கள் முடிவை உங்கள் விமானிகளுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மறுப்பதாக இருந்தால், எந்தத் தரவின் அடிப்படையில் மறுக்கிறீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற 737 கேப்டன், சிமுலேட்டர் பயிற்றுநர்
சென்னை